மறு: குழலின் நுனியில் இருக்கும் கேமராவுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். நுரையீரலின் கிளைக்குழாய்களுக்குள் போகும் மெல்லிய குழல். அதன் நுனியில் கேமரா. வரும் படத்தை முன்பே எடுத்த சி.டி. ஸ்கேனோடு பொருத்தி, கருவி எந்தக் கிளையில் நிற்கிறது, இன்னும் எவ்வளவு தள்ளலாம் என்று மருத்துவருக்குக் கணினி சொல்ல வேண்டும். ஆய்வு இதுதான். நுனியில் உள்ள அந்தக் கேமராவுக்கு 'நுண் ஒளிப்படக் கருவி' என்று எழுதினேன். "சின்ன கேமரா என்பதற்கு மேல் அது என்ன சொல்கிறது?" என்று கேட்கிறார் என் நெறியாளர். இப்படிப் படத்தின் துணையோடு செய்யும் அறுவைக்கு நான் எழுதிய 'வழிகாட்டு அறுவை'யும் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

———

தம்பி, உடலுக்குள் விட்டுப் பார்க்கும் குழல் கருவியான எண்டோஸ்கோப்புக்கு 'உள்நோக்கி', 'அகநோக்கி' இரண்டும் இருக்கின்றன. 'நுண்ணகநோக்கி' என்று எழுதிவிடுங்கள். கேமரா வேண்டவே வேண்டாம். லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பொருளே அறை என்பதுதான். இருட்டறையில் ஒரு துளை வழியாக வெளிக்காட்சி தலைகீழாக விழுந்த காலத்துப் பெயர் அது. அறையே இல்லாத பொருளுக்கு அறை என்று பெயர் சூட்டி, அதையும் கடன் வாங்கி எழுத வேண்டுமா? நோக்குதல் வேறு, பார்த்தல் வேறு. நோக்குவதில் கருத்து ஊன்றி நிற்கிறது. மருத்துவர் செய்வது அதைத்தான்.

———

ஐயா, 'நோக்கி' நல்ல சொல்தான். ஆனால் அது முழுக் கருவிக்கும் பெயர். தம்பி கேட்பது நுனியில் உட்கார்ந்திருக்கும் அந்தத் துளிப் பொருளுக்கு.

இந்த வேறுபாடு சின்னதல்ல. 1806-இல் போட்சினி என்ற மருத்துவர் மெழுகுவர்த்தியையும் கண்ணாடியையும் வைத்து உடலுக்குள் ஒளி செலுத்தியபோது பார்க்கும் கண் வெளியே இருந்தது. 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் கண்ணாடி இழைக் கற்றையால் குழலை வளையவைத்தார். அப்போதும் படம் இழை வழியே வெளியே வந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. 1980-களில் ஒளியைப் படமாக்கும் சென்சாரே நுனிக்குப் போனது. கண் உள்ளே புகுந்தது அப்போதுதான். 2019-இல் வந்த ஒரு சென்சார் பக்கத்துக்கு 0.575 மி.மீ. இருக்கும், அதற்குள் 200-க்கு 200, ஆக 40,000 பிக்சல். உப்புக்கல் அளவுதான்.

ஆகவே என் பரிந்துரை: 'நுனிக்கண்'. நுனியில் உள்ள கண் என்று விரியும். 'கண்' ஏழாம் வேற்றுமை உருபும் அல்லவா? 'அவைக்கண்' என்பதுபோல, நுனியில் என்றும் பொருள் தரும். பெயரும் இடமும் ஒரே சொல்லில் அமைவது எவ்வளவு அழகு! ஒற்று மிகுவதற்கு வள்ளுவரின் 'நுனிக்கொம்பர்' துணை நிற்கிறது. அந்தக் குறளையே முழுதாகப் பாருங்கள்:

"நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின்
உயிர்க்கிறுதி ஆகி விடும்."

கொம்பின் நுனிவரை ஏறியவர் அதையும் தாண்டி ஏற முனைந்தால் உயிர் போகும் என்கிறது குறள். அப்படியே, நுரையீரலின் கடைசிக் கிளைக்கு அப்பாலும் குழலைத் தள்ளினால் உறை கிழிந்து காற்று கசியும். எவ்வளவு தள்ளலாம் என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான மேற்கோள் கிடைக்குமா?

———

குறள் பொருத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். சொல்லில்தான் எனக்குத் தயக்கம். நான் அறுவை அரங்கில் வேலை செய்பவள். "நுனிக்கண் உள்ள விளக்கு" என்று எழுதினால் விளக்கு குழலின் நுனியில் இருக்கிறதா, கேமராவிலேயே இருக்கிறதா? நீங்கள் அழகு என்று சொல்லும் அந்த இரட்டைப் பொருளே ஆய்வேட்டில் இடிக்கும். 'நுண்ணகநோக்கி'யைச் சொல்லிப் பாருங்கள், வாயில் நுழைகிறதா? 'நுனிக் கேமரா' போதும், கேட்டவுடன் புரியும்.

அடுத்தது இதைவிட முக்கியம். 'வழிகாட்டு அறுவை' வினைத்தொகை. 'ஊறுகாய்' என்றால் ஊறுவது காய். அப்படியே, வழிகாட்டுவது அறுவை என்று ஆகிவிடும். வழிகாட்டுவது படம், அறுவை அதன்படி நடப்பது. 'படவழி அறுவை' என்று எழுதுங்கள். படத்தின் வழியே என்றும் படம் காட்டும் வழியில் என்றும் கொள்ளலாம். இரண்டுமே இங்கே சரிதான்.

இன்னொன்று: ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் தெரியாது. அருகில் உள்ள சிறு துளையும் தொலைவில் உள்ள பெருந்துளையும் படத்தில் ஒரே அளவாகத் தெரியும். ஈரச் சுவரில் விளக்கொளி பட்டுத் தெறிக்கும், சளி ஒட்டினால் படமே போய்விடும். அந்த இடங்களில் கணினி என்ன செய்கிறது என்பதற்குச் சுருக்கத்தில் இரண்டு வரியாவது ஒதுக்குங்கள் தம்பி.

———

எல்லோருக்கும் நன்றி. 'படவழி அறுவை'யை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தனி மடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'நுனிக் கேமரா' பக்கம்தான், அதையே வைக்கிறேன். ஆழம் பற்றிய வரிகளையும் சேர்த்துவிட்டேன். குறளுக்கு முகப்பில் இடம் கேட்டிருக்கிறேன்.

———

'படவழி'யில் எனக்கும் உடன்பாடே. கேமராவுக்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் வந்த நாளில் அவையும் வாயில் நுழையாதவைதாம். இன்று பள்ளிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அடைப்புக்குள்ளாவது 'அகநோக்கி'யை ஒருமுறை போடுங்கள் தம்பி.