சீதனக் காணியை விற்கக் கணவரின் கையெழுத்து: உறுப்புரை 12 இருக்க இது எப்படிச் செல்லும்?

கோண்டாவில் வாசகி:
கோண்டாவிலில் 2 பரப்புக் காணி, சீதன உறுதியில் (பத்திரத்தில்) மனைவியின் பெயருக்கு எழுதினது. அதை விற்க வேண்டுமென்றால் கணவர் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று நொத்தாரிசு சொல்கிறார். அதே கணவர் தன்ர முதுசக் காணியை (பெற்றோர் வழியாக வந்ததை) மனைவியைக் கேளாமலே விற்கலாமாம். பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று இலங்கை அரசியலமைப்பின் 12(2) சொல்கிறதே. பிறகு இந்தச் சட்டம் எப்படிச் செல்லும்? உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஏலுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கோ.

சட்டப்பிரியன்:
நொத்தாரிசு சொன்னது சரி. காரணம் அரசியலமைப்புக்குள்ளேயே கிடக்கிறது. 12 ஐ வாசிக்கிறவர்கள் உறுப்புரை 16 வரைக்கும் வாசிப்பதில்லை. 16(1) இன் சாரம் இதுதான்: ஏற்கெனவே நடைமுறையில் உள்ள எழுதப்பட்ட சட்டமும் எழுதப்படாத சட்டமும், அடிப்படை உரிமை அத்தியாயத்தோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1978 செப்டம்பர் 7. உங்கட பிரச்சினைக்குரிய சட்டம் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன் 6 ஆம் பிரிவுதான் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. ஆகவே 12 ஐக் காட்டி 6 ஐ வெட்ட முடியாது.

126 ஆம் உறுப்புரையின் கீழ் மனுப் போடுவதென்றால் உரிமையை மீறியது நிறைவேற்றுத்துறைச் செயலாகவோ நிர்வாகச் செயலாகவோ இருக்க வேண்டும். கணவர் கையெழுத்து வைக்க மறுப்பது அந்த இரண்டிலும் சேராது. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தையும் பிறகு நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த ஏலாது, அரசியலமைப்பின் 80(3) அதைத் தடுக்கிறது. சட்டமூலமாக இருக்கும்போதுதான் 121 இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இந்தியாவில் போல நடைமுறையில் உள்ள ஒரு சட்டத்தை அடிப்படை உரிமைக்கு முரண் என்று நீதிமன்றம் அடித்துவிடும் என எதிர்பார்த்துத்தான் கனபேர் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று. அரச அலுவலகம் ஒன்று உண்மையிலேயே பாரபட்சம் காட்டினால் 126 இன் கீழ் ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிப் பதில் பார்த்துக்கொண்டு இருந்தால் அந்த மாதம் போய்விடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1) படி, விசாரணை நடக்கிற காலம் கணக்கில் வராது. ஆனால் முறைப்பாடு கொடுத்த ரசீது மட்டும் போதாது, விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று காட்டவும் வேண்டும்.

உறுதி வாசகர்:
வழக்கை விட்டுவிட்டு நடைமுறைக்கு வருவம். 6 ஆம் பிரிவில் சம்மதம் தேவைப்படுவது அசையாச் சொத்துக்கு மட்டும். நகை, வங்கி வைப்பு, வாகனம் போன்றவற்றுக்குத் தேவையில்லை. காணியைத் தன் மரணசாசனத்தில் யாருக்கும் எழுதுவதற்கும் தேவையில்லை. உயிரோடு இருக்கும்போது விற்பது, ஈடு வைப்பது, மகளுக்கு நன்கொடையாக எழுதுவது எல்லாவற்றுக்கும் தேவை. மகளுக்குத்தானே என்று சம்மதமில்லாமல் எழுதிய நன்கொடை உறுதி, பிறகு காணி வாங்க வருபவரின் சட்டத்தரணி உரித்தைப் பார்க்கும்போது சிக்கும்.

கணவர் வெளிநாட்டில் என்றால் இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பச் சொல்லுங்கோ. பொதுவாக "காணி அலுவல்கள்" என்று எழுதினால் காணாது. மனைவியின் இந்தக் காணியின் விற்பனைக்குச் சம்மதம் தெரிவிக்கும் அதிகாரம் என்று காணியின் பெயர், பரப்பு, உறுதி இலக்கத்தோடு எழுத வேண்டும். உறுதியின் உடலிலும் கணவர் சம்மதிக்கிறார் என்ற வாசகம் வர வேண்டும். சாட்சிகளின் கையெழுத்தோடு கணவரின் கையெழுத்தையும் வாங்கிச் சமாளிப்பம் என்று நினைக்காதேங்கோ.

கணவர் கைவிட்டுப் போயிருந்தால், ஒத்துக்கொண்டு பிரிந்திருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால், புத்தி பேதலித்திருந்தால், நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தால் 8 ஆம் பிரிவு உதவும். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அவருடைய சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி கேட்கலாம். சுருக்கமான விசாரணைதான். உறுதி, காணிப் பதிவகப் பிரதி, விவாகச் சான்றிதழ், பிரிந்திருப்பதற்கு விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம் எல்லாம் சத்தியக்கடதாசியோடு போக வேண்டும். விற்பனைக்கான காரணத்தையும் தெளிவாக எழுதுங்கோ. "குடும்பச் செலவு" என்று விடுவதை விட மகனின் படிப்பு, சத்திரசிகிச்சை என்று ஆதாரத்தோடு காட்டினால் மனு பலமாகும்.

தயவுசெய்து "விவாகமாகாதவர்" என்று உறுதியில் எழுதி விற்க வேண்டாம். வாங்குகிற அப்பாவியின் காசும் போய்விடும்.

கோண்டாவில் வாசகி:
மிச்சம் நன்றி. கணவர் காணாமல் போனவர் என்றால்? கொழும்பில் நிரந்தரமாக இருக்கிறவைக்கும் இது பொருந்துமா?

உறுதி வாசகர்:
முதல் கேள்விக்கு: இருப்பிடம் தெரியாதவர் என்ற காரணத்தில் அதே 8 ஆம் பிரிவு மனுத்தான். காணாமற்போனமைச் சான்றிதழ் எடுத்திருந்தால் அதையும் இணையுங்கோ, நல்ல ஆதாரம். இறப்புச் சான்றிதழ் எடுத்தால்தான் காணி விற்கலாம் என்று மனம் உடைந்த பெண்களைச் சிலர் நெருக்குகிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

சட்டப்பிரியன்:
இரண்டாவதுக்கு: இந்த 1911 சட்டம் தேசவழமை என்ற வழமைச் சட்டத்துக்குட்பட்டவர்களுக்கானது. தேசவழமை வட மாகாணத் தமிழ் வாசிகளுக்குரியது. கொழும்பில் வேலைக்காக இருப்பதால் மட்டும் அது கழன்றுவிடாது. நிரந்தரமாகக் குடிபெயர்ந்தாரா என்பது சான்றுகளால் காட்ட வேண்டிய விடயம். அதே 1911 சட்டத்தின் 3 ஆம் பிரிவையும் பாருங்கோ. தேசவழமைக்குட்பட்ட பெண் அதற்குட்படாதவரை மணந்தால் விவாகம் நிலைக்கும் வரை அவளுக்கு அது பொருந்தாது. வெளியிலிருந்து வந்த பெண் தேசவழமைக்குட்பட்டவரை மணந்தால் பொருந்தும். பெண்ணின் சட்டத்தை இங்கேயும் ஆண்தான் தீர்மானிக்கிறார்.

மருதடி:
ஒரு விடயத்தை எல்லாரும் குழப்புகிறோம். 16 ஐ நீக்க 225 பேரில் 150 பேரின் வாக்கு, அதாவது மூன்றில் இரண்டு, வேண்டும். ஆனால் 1911 சட்டத்தின் 6 ஆம் பிரிவிலுள்ள சம்மத நிபந்தனையை மட்டும் எடுக்கச் சாதாரண பெரும்பான்மை போதும். 2022 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதிப்பத்திரக் காணி வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை அப்படித்தான் போனது. தேசவழமையையே இல்லாமல் ஆக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம் எழுந்தவுடன் எங்கட ஆட்களே எதிர்க்கிறார்கள். ஆனால் அந்த நிபந்தனையை மட்டும் எடுத்தால், சீதனம் பெண்ணின் தனிச் சொத்து என்பதும் தேடிய தேட்டத்தில் (விவாக காலத்தில் சேர்த்த சொத்தில்) இருவருக்கும் பங்கு என்பதும் அப்படியே இருக்கும். நிபந்தனை 1706 இல் தேசவழமையைத் தொகுத்த நாளிலிருந்து இருந்திருந்தாலும், அதை இனியும் வைத்திருக்கக் காரணம் இல்லை என்பதே என் நிலைப்பாடு.

8 ஆம் பிரிவு மனுவைத் தமிழிலேயே எழுதலாம். உறுப்புரை 24 படி வடக்கு நீதிமன்றங்களின் பதிவும் நடவடிக்கையும் தமிழில்தான். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, என்ன கையெழுத்து வைத்தோம் என்று தெரியாமல் சாட்சிக்கூண்டில் ஏறவேண்டாம்.