பத்து மாதப் பிள்ளைக்கு வாக்கரா, நடைவண்டியா?

கொடிமுடிக்காரி:
மகளுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. சோபாவைப் பிடித்து எழுந்து ஓரமாகவே நாலு எட்டு வைக்கிறாள். கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். மாமியார் நேற்று வட்ட வாக்கர் ஒன்று வாங்கி வந்துவிட்டார், பாட்டெல்லாம் பாடுகிறது. அப்பாவோ ஆசாரியிடம் நடைவண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். டாக்டர் வாக்கர் வேண்டாம் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

மூன்றுபிள்ளை அம்மா:
தாராளமாக வாக்கரில் விடுங்கள். என் மூன்றும் அதில் வளர்ந்ததுதான், ஒன்றும் நொண்டவில்லை. தனியாளாகச் சமைக்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். பருப்பு தாளிக்கிற பத்து நிமிடம் பிள்ளை ஓரிடத்தில் இருந்தால் போதாதா?

ஸ்கார்பரோ சித்தப்பா:
வாக்கரில் எங்கே அக்கா ஓரிடத்தில் இருக்கும்? ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இங்கே கனடாவில் 2004 ஏப்ரலிலேயே விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றையும் தடை செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் தடை இல்லை. அங்கே 1990 முதல் 2014 வரை, 15 மாதத்துக்குக் குறைந்த 2,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வாக்கரால் அடிபட்டு அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். நாலில் மூன்று பேர் படிக்கட்டில் உருண்டவர்கள்.

மூன்றுபிள்ளை அம்மா:
உங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே படி. எங்கள் வீடு ஒரே தளம், வாசலில் நிலைப்படி உயரமாக இருக்கிறது. கனடாச் சட்டம் எங்களுக்கு எதற்குத் தம்பி?

பிசியோ அப்பா:
படி இல்லாத வீடுதான் எங்களுடையதும். பெரியவன் வாக்கரில் இருந்தபோது அவன் கைக்கு எட்டியது மேசைவிரிப்பின் நுனி. தரையில் தவழ்கிற பிள்ளைக்கு அது எட்டாது. வாக்கர் அவனை ஒரு முழம் தூக்கிக் கொடுத்துவிட்டது. ரசச்சட்டி கவிழ்ந்தது. நல்லவேளை, ஆறிய ரசம்.

சரி, நடைக்கு வருகிறேன். வாக்கரில் பிள்ளை நிற்பதில்லை, தொங்குகிறது. நுனிக்காலால் தரையை உந்துகிறது. முன்னால் இருக்கிற தட்டு மறைப்பதால் தன் காலையே பார்க்க முடிவதில்லை. சாய்ந்தாலும் விழாது என்பதால் விழாமல் சமாளிக்கிற பாடம் நடப்பதே இல்லை. அயர்லாந்துக் குழந்தைகளைப் பற்றி 2002-இல் வெளியான ஆய்வில், வாக்கரில் கழித்த நேரத்தைக் கூட்டி ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனியாக நடப்பது 3 நாளுக்குச் சற்று மேல் தள்ளிப்போனதாகக் கண்டார்கள்.

மூன்றுபிள்ளை அம்மா:
மூன்று நாளா! தினம் ஒரு மணி நேரம் விட்டால் இரண்டு மாதத்துக்கு எட்டு நாள் தாமதம். பிள்ளை என்ன கலெக்டர் ஆபீசுக்கா போகணும்?

பிசியோ அப்பா:
கணக்கு சரிதான், தாமதம் பெரிய விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள் எப்போது நடந்தாலும் இயல்புதான். ‘நடக்கக் கற்றுக்கொடுக்கும்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்பதைத்தான் நான் மறுக்கிறேன். உங்கள் கை ஓய்வாக இருக்க வாங்குகிறீர்கள் என்றால், அதை அப்படியே சொல்லுங்கள்.

ஆசாரி மகன்:
நடைவண்டியைப் பற்றி யாரும் பேசக் காணோம். பிள்ளை தன் காலில் நிற்கணும், தானே தள்ளணும். தொங்குகிற வேலையே இல்லை. பிள்ளைத்தமிழிலேயே சிறுதேர்ப் பருவம் உண்டு!

பிசியோ அப்பா:
ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் பத்தாவது பருவம் ஐயா. நடந்து வா என்று கூப்பிடுகிற வருகைப் பருவம் ஆறாவது. நடந்த பிறகுதான் தேர் வருகிறது. நடைவண்டி விளையாட்டுக்கு நல்லது. வாத்தியார் வேலை அதற்கும் இல்லை.

ஆசாரி மகன்:
மாட்டிவிட்டீர்களே! சரி, ஒன்று மட்டும். கொடிமுடியம்மா, டைல்ஸ் தரையில் வெறும் மரச்சக்கரம் சறுக்கிக்கொண்டு ஓடும், பிள்ளை குப்புற விழும். அப்பா பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சக்கரத்தைச் சுற்றி இழுத்து ஆணி அடித்துத்தான் கொடுப்பார். ஆணித்தலை ரப்பருக்குள் புதைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். முதல் சில நாள் அடிப்பலகையில் ஒரு செங்கல்லைக் கட்டிவிடுங்கள், மெதுவாக நகரும். கூடவே ஒரு ஆள் இருக்கணும்.

மூன்றுபிள்ளை அம்மா:
அந்த ஆள்தான் இல்லை என்கிறேன் தம்பி, முதலிலிருந்து.

கொடிமுடிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. வாக்கரின் சக்கரங்களைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். அடுப்படி வாசலில், அடுப்பு எட்டாத தூரத்தில் வாக்கரை வைத்து, அதில் உட்காரவைத்து இட்லி ஊட்டுகிறேன். சமைக்கிற நேரத்துக்குத் தரையில் பாய், நாலு கிண்ணம், ஒரு கரண்டி, சத்தம்தான் தாங்கவில்லை. மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை.

மூன்றுபிள்ளை அம்மா:
சக்கரம் இல்லாவிட்டால் அது வாக்கரா? ஸ்டூல். ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு ஸ்டூல்!