கலைச்சொல்: ‘பிரைடில்வே’க்குக் கடிவாளம் வேண்டாம், ‘குதிரைவழி’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தென்மேற்கு இங்கிலாந்தில், டெவன் வட்டாரத்து மேட்டுநிலமான டார்ட்மூரில் மலைமிதிவண்டிப் பயணம் செய்வோருக்கான கையேட்டைத் தமிழாக்கும்போது, ‘பிரைடில்வே’ (bridleway; ‘பிரைடில்’ என்றால் கடிவாளம், ‘வே’ என்றால் வழி) என்ற சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நின்றுவிட்டேன் என்று எழுதி, உங்களிடம் யோசனை கேட்டிருந்தேன். வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் நன்றி. சிலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

> கடிவாளப் பாதை என்றே வைக்கலாமே. மூலச்சொல்லின் வேர் அப்படியே வந்துவிடுகிறது.

வேர் வருகிறது ஐயா, பொருள் தலைகீழாகிவிடுகிறது. தமிழில் கடிவாளம் என்றதும் அடக்குவதுதான் நினைவுக்கு வருகிறது. ‘செலவுக்குக் கடிவாளம்’ என்று நாளேட்டில் படித்துப் பழகியவர், கடிவாளப் பாதையை ஏதோ தடை விதித்த சாலை என்றே எண்ணுவார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சொல் ஓர் உரிமையின் பெயர். நிலம் யாருடையதாக இருந்தாலும், அந்த வழியே பொதுமக்கள் நடந்தும் போகலாம், குதிரையேறியும் போகலாம். இத்தகைய வழிகளை வரைபடத்தில் ஏற்றிப் பதிவுசெய்யும் முறையை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது.

> இன்று அதில் மிதிவண்டிகள்தானே போகின்றன? மிதிவண்டித் தடம் என்றால் இளைஞர்களுக்குப் புரியும்.

இதை நான் வலுவாக மறுக்கிறேன். மிதிவண்டிக்கு அங்கே இடம் கிடைத்ததே 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதுவும் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஹேமல்டவுன் முகட்டிலிருந்து வைட்கோம்ப் ஊரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே ஒரு பெண் குதிரையில் ஏறி வந்தார். தொலைவிலேயே குரல் கொடுத்தேன். வண்டியை விட்டு இறங்கி ஓரமாக நின்றேன். சத்தமில்லாமல் விரைந்து வரும் சக்கரத்தைக் கண்டால் குதிரை மிரண்டுவிடும். மிதிவண்டித் தடம் என்று கையேட்டில் படித்துவிட்டு வருபவர் அப்படி நிற்பாரா? வழி தன்னுடையது என்றல்லவா நினைப்பார்.

நம் பத்திரங்களில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. நிலம் விற்கும்போது ‘வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதுகிறோம். ஆள் மட்டும் போகலாமா, மாடு போகலாமா, வண்டி போகலாமா என்று பிரித்தே எழுதுகிறோம். ஆங்கிலேயரின் பிரிவும் ஏறக்குறைய இதுதான். மஞ்சள் அம்பு இட்ட வழி, நடப்பவருக்கு மட்டும். நீல அம்பு இட்டதில் குதிரையும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே முதலாவது ‘நடைவழி’, இரண்டாவது ‘குதிரைவழி’. ‘பாதை’ என்பது காலுக்குக் கீழே உள்ள மண்ணை மட்டும் காட்டும். ‘வழி’யில் மண்ணும் உண்டு, உரிமையும் உண்டு. ‘புரவித்தடம்’ கேட்க இனிமைதான். ஆனால் குளம்பு பதிந்த சுவடு என்ற பொருளும் கூடவே வந்து நிற்கிறது.

அடுத்து, மலையிலிருந்து இறங்கியதும் வரும், ஆங்கிலத்தில் ‘லேன்’ எனப்படும் சிறு சாலைகள். டெவன் வட்டாரத்தில் இவை இருபுறமும் மண்ணும் கல்லும் சேர்த்த கரைகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கும் கீழே அமிழ்ந்து ஓடுகின்றன. கரையின் மேல் உயிர்வேலி. ஒரு கார் வந்தால் மிதிவண்டி வேலியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ‘கிராமச் சாலை’ என்று பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கோ முதல் வளைவிலேயே கொங்கு நாட்டு இட்டேரிதான் நினைவுக்கு வந்தது. கிளுவையும் கள்ளியும் இருபுறமும் அடைத்து நிற்க, நடுவே காடுதோட்டங்களுக்குப் போகும் அதே ஒடுங்கிய வழி. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அம்மையார் ‘ஒழுங்கை’ என்ற சொல்லைத் தந்தார். அதைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். இரண்டையும் விட மனமில்லை. வயல்களுக்கு இடையே போவதை இட்டேரி என்றும், ஊருக்குள் வீட்டு வேலிகளுக்கு இடையே போவதை ஒழுங்கை என்றும் எழுதப்போகிறேன்.

இன்னும் தீராதது, டார்ட்மூர் என்ற பெயரிலேயே இருக்கும் ‘மூர்’ என்ற நிலவகைச் சொல். தரிசு என்கிறார்கள் சிலர். உழக்கூடிய நிலத்தை உழாமல் போட்டால்தான் தரிசு. சதுப்பு என்பதும் பொருந்தாது. பள்ளங்களில் கரிய மக்குமண் ஊறிக் கிடப்பது உண்மை, அதில் சக்கரம் அச்சு வரை புதைந்ததும் உண்மை. ஆனால் முகடுகளில் தரை இறுகித்தான் இருக்கிறது. மரமில்லாத மேட்டுநிலம், ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும் ஹெதர் புதர்கள், மஞ்சளாகப் பூக்கும் முள்ளடர்ந்த கார்ஸ் புதர்கள், ஆடு மாடுகளோடு மட்டக்குதிரைகளும் மேயும் பொது மேய்ச்சல் உரிமை, இவை எல்லாம் சேர்ந்ததுதான் அது. மனிதர் தொடாத நிலமும் அன்று. ஹேமல்டவுனுக்கு அருகிலேயே கிரிம்ஸ்பவுண்டில், வெண்கலக் காலத்து மக்கள் குடியிருந்த இருபத்துநான்கு வட்டக் குடில்களின் கல் அடித்தளங்கள் ஒரு பெரிய மதிலுக்குள் கிடக்கின்றன.

நம்மிடம் ‘புறவு’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. முல்லை நிலத்தைக் குறித்தது. ஊருக்கு வெளியே ஆநிரை மேய்ந்த இடம். புறவு என்றால் புறாவும்தானே என்று கேட்பீர்கள். அதனால்தான் ‘மேட்டுப்புறவு’ என்கிறேன். முல்லைக்குரிய காடு அங்கே இல்லை என்ற குறை எனக்கும் தெரிகிறது. ஆனால் மேய்ச்சலையும் ஊர்ப்புறத்தையும் ஒருசேரச் சொல்லும் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கங்கே முகட்டில் குவிந்து நிற்கும் கருங்கல் பாறைகளுக்குத் ‘துறுகல்’ என்று வைத்துவிட்டேன். அதில் எனக்கு ஐயமே இல்லை.

வரைபடக் குறிவிளக்கப் பக்கத்தை வரும் திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்ப வேண்டும். நடைவழி, குதிரைவழி, இட்டேரி, ஒழுங்கை ஆகிய நான்கும் அதில் ஏறிவிட்டன. மேட்டுப்புறவை விடச் சிறந்த சொல் யாரிடமாவது இருந்தால், ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்பாளன்