‘கூட்டுப்பொருள்’ வேண்டாம், ‘கட்டுபொருள்’ என்போம்

அன்புடையீர், வணக்கம்.

ஓடைமீன்கள் கூடு கட்டுவதற்கான பொருள்களைத் தெரிந்தெடுப்பதைக் ‘கூட்டுப்பொருள் தேர்வு’ என்று குறிக்கலாம் எனக் கலைச்சொல் பட்டியலுக்கு வந்த முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. ‘கூடு’, ‘கூட்டு’ ஆகிய இரண்டில் எது ‘பொருள்’ என்பதோடு புணர்ந்தாலும் கிடைக்கும் வடிவம் ஒன்றே. வேதியியல் மாணவர் அதைப் பல பொருள்கள் சேர்ந்த ஒன்று என்றே கொள்வார்.

சொல்லுக்கு முன் மீனின் செயலைப் பார்ப்போம். அமெரிக்காவின் வர்ஜீனியா, கரோலினா ஓடைகளில் வாழும் நோகோமிஸ் லெப்டோசெபாலஸ் என்ற மீன், கெண்டை மீனுக்கு உறவு. இளவேனிலில் இதன் ஆண், ஓடையின் அடியில் முதலில் ஒரு குழி பறிக்கிறது; பிறகு கூழாங்கற்களை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து அதை நிரப்பி, ஆயிரக்கணக்கான கற்களால் ஒரு மேட்டையே எழுப்பிவிடுகிறது. வாய்க்கு அடங்காத கல்லை அது தூக்க முடியாது. மணலாகக் குவித்தாலோ இடுக்குகள் அடைபட்டு, முட்டைகளுக்கு உயிர்வளி சுமந்து வரும் நீரோட்டம் தடைபடும். முட்டையிட்டபின் மீண்டும் கல்லிட்டு மூடுவதையும் இதே வாய்தான் செய்கிறது. வேறு சிறுமீன்களும் இந்த மேட்டுக்கு வந்து முட்டையிடுகின்றன.

‘கட்டுபொருள்’ என்பது ஊறுகாய், சுடுகாடு போன்ற வினைத்தொகை. கட்டிய, கட்டுகின்ற, கட்டும் பொருள் என முக்காலமும் அதில் அடங்கும். மேட்டில் கிடக்கும் கல், வாயிலிருக்கும் கல், இனி எடுக்கப்போகும் கல் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் சுட்ட முடிவது எனக்கு மிகுந்த நிறைவளிக்கிறது. ‘கட்டுமானப் பொருள்’ என்றால் சிமென்டும் செங்கல்லுமே நினைவுக்கு வரும்.

‘கல் தெரிவு’ என்று சுருக்கலாமே என்பாருக்கு ஸ்டிக்கில்பேக் மீனை நினைவூட்டுகிறேன். அதன் ஆண், தாவர இழைகளைத் தன் சிறுநீரகத்தில் சுரக்கும் பசையால் ஒட்டிக் கூடு கட்டுகிறது; ஆய்வகத்தில் மினுங்கும் தாள் துண்டுகளைக் கொடுத்தபோது அவற்றையும் எடுத்துக் கூட்டை அழகுபடுத்தியது. தேர்வு என்றால் பள்ளித் தேர்வும் குறுக்கிடுவதால், இந்த நாட்டத்துக்குத் ‘தெரிவு’ என்பதே பொருந்தும். எடுக்கக்கூடிய கல்லின் உச்ச வரம்புக்கு ‘வாயளவு’ என்ற எளிய சொல் போதும்.

ஆகவே ‘கட்டுபொருள் தெரிவு’ என்பதே என் பரிந்துரை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால், பட்டியலில் ஏற்றும்போது இடையில் ‘ப்’ சேர்க்காமல் இருக்க வேண்டுகிறேன்.