எடை குறைய காலைப் பலகாரத்தில் என்ன சேர்க்கலாம்? கவுனி அரிசி உதவுமா?

காரைக்குடி மருமகள்:
மதுரையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் நான். வந்ததிலிருந்து எடை ஏறிக்கொண்டே போகிறது. இங்கே காலைப் பலகாரம் இட்லியோடு நிற்பதில்லை, பாதி நாள் வெள்ளைப் பணியாரமோ கந்தரப்பமோ கூடவே பொரிந்துகொண்டிருக்கும், வேண்டாமென்றால் மாமியார் முகம் வாடிவிடும். ஓட்ஸ் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவே மாட்டேன் என்கிறது. கவுனி அரிசி சாப்பிட்டால் இளைத்துவிடலாம் என்கிறார் நாத்தனார். உண்மையா? வீட்டில் இருக்கிற சாமானிலேயே வேறு ஏதாவது உண்டா?

தேவகோட்டைத் தம்பி:
அக்கா, கவுனி அரிசி நல்ல அரிசிதான். அந்தக் கறுப்புக்குக் காரணம் தவிட்டில் இருக்கும் அந்தோசயனின் என்ற நிறமி, தவிடு போகாததால் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி, வெள்ளை அரிசியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்புறம் நம்ம ஊரில் அதை எப்படிச் சாப்பிடுகிறோம்? குழைய வேகவைத்து, சீனி போட்டு, தேங்காய்ப்பூ தூவி, நெய் ஊற்றி! அது கல்யாண வீட்டு இனிப்பு, அதைத் தின்று இளைத்த ஆளை நான் பார்த்ததில்லை. உப்புப் போட்டுக் கஞ்சியாக்கி மோர் ஊற்றிக் குடித்தால் அது வேறு கதை.

பள்ளத்தூர் ஆச்சி:
வெள்ளைப் பணியாரத்தில் சாமானைக் குறை சொல்லவே முடியாதும்மா. உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அதுதான் கணக்கு, வேறு ஒன்றும் கிடையாது. வம்பெல்லாம் எண்ணெயில்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி என்கிறார்கள், பொரித்தால் நாலு பணியாரம் எவ்வளவு குடித்திருக்கும் என்று பார்த்துக்கொள். அதை நல்ல நாளுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் இட்லி மாவில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரமாகச் சுடு, குழிக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் போதும். மாமியாருக்கும் பணியாரம் சுட்ட மாதிரி இருக்கும்.

இன்னொன்று, பாசிப்பயறு. 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்தும் நிறைய. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் இஞ்சி, மிளகாய், சீரகம் வைத்து அரைத்து அடையாக ஊற்றினால் மதியம் வரை பசி எடுக்காது. தேங்காய்ச் சட்னியைக் குறைத்து அந்த இடத்தில் கோசுமல்லி வை. கத்திரிக்காய்தானே, இட்லி ரெண்டோடு நின்றுவிடும்.

கானாடுகாத்தான்:
முட்டை. அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், 70 கலோரி சொச்சம். இதற்கு இவ்வளவு பெரிய பேச்சா?

காரைக்குடி மருமகள்:
அண்ணே, செவ்வாய் வெள்ளி எங்கள் வீட்டில் முட்டை உள்ளேயே வராது. மற்ற நாளில் சரி. ஆச்சி, கும்மாயம் பருப்பில்தானே செய்கிறார்கள், கருப்பட்டி வேறு, அது பரவாயில்லையா?

பள்ளத்தூர் ஆச்சி:
கருப்பட்டியும் சர்க்கரைதான் தாயி, உடம்பு நிறம் பார்த்துக் கணக்கு வைக்காது. நெய் விட்டுக் கிண்டாமல் கும்மாயம் வருமா? ஒரு சின்ன உருண்டையோடு நிறுத்திக்கொள்.

மருந்துக்கடைக்காரன்:
வெந்தயத்தை யாரும் சொல்லவில்லை. ஊறவைத்தால் வழவழவென்று வருகிறதே, அந்த நார்தான் பசியைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இட்லி மாவில் அரைத்துச் சேர்க்கலாம். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் தினமும் வெறும் வயிற்றில் நிறைய சாப்பிடத் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் தங்கச்சி, நிற்காமல் எடை ஏறுகிறது என்றால் பணியாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், தைராய்டுக்கு ஒரு டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள்.

காரைக்குடி மருமகள்:
பார்த்துவிடுகிறேன் அண்ணே. குழிப்பணியாரத்துக்கும் கோசுமல்லிக்கும் மாமியார் உடனே தலையாட்டிவிட்டார், பயறு அடைக்குத்தான் இன்னும் பதில் இல்லை. ஆச்சி, கத்திரிக்காயைச் சுடுவதா, வேகவைப்பதா?

பள்ளத்தூர் ஆச்சி:
வேகவைத்துத் தோலை உரித்துக் கையால் மசி. மிக்சியில் போட்டுவிடாதே, கூழாகிவிடும். புளி கொஞ்சமாகக் கரை.