ஓடுகிறதா என்று பார்க்கப் போய்

இந்தக் குழுவில் ஆளாளுக்குப் பழைய ஆம்ப்ளிஃபயரை ஓட்டிப் பார்த்த கதையைச் சொல்கிறீர்கள். என் முட்டாள்தனத்தையும் கேளுங்கள்.

கானாடுகாத்தானில் எங்கள் வளவு வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறையைப் போன வருடம் ஒழித்தோம். பித்தளைத் தூக்குகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே, பினாங்குச் செய்தித்தாள் சுற்றிய இரண்டு கனமான பொட்டலங்கள். பிரித்தால் குவாட் டூ! இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் கம்பெனி 1953-ல் கொண்டுவந்த, கண்ணாடிக் குமிழ் வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபயர். ஒன்றுக்கு 15 வாட்ஸ்தான், ஸ்டீரியோ என்றால் ஜோடியாக வேண்டும். ஐயா (அப்பாவின் அப்பா) கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரத்துக்கு, போன இடத்தில் வாங்கிக் கப்பலில் ஏற்றி வந்ததாம். "ஒங்க ஐயா இருக்கையில இதுக்கிட்ட யாரையும் அண்டவிட மாட்டாக" என்றார் அப்பத்தா.

அண்டாமல் இருந்திருக்கலாம். தூசியையும் பல்லி முட்டைகளையும் துடைத்தேன், மெயின்ஸ் ஒயரை மாற்றினேன், ஸ்பீக்கரைக் கொடுத்து நேராகப் பிளக்கில் சொருகினேன். அரை நிமிடம் சத்தமே இல்லை. வால்வுகளுக்குள் இழை மெல்ல ஆரஞ்சு நிறமானது, எனக்கோ ஒரே சந்தோஷம். அப்புறம் ஸ்பீக்கரில் ஒரு முனகல். ஏதோ தோன்றி அறை விளக்கை அணைத்தேன். ஸ்பீக்கரை ஓட்டுகிற கேடி66 வால்வுகளில் ஒன்றில் இழை மட்டுமில்லை, அதைச் சுற்றியிருந்த கறுத்த தகடே கொல்லன் உலைக் கம்பி மாதிரி சிவந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். தார் உருகிய வாடை மறுநாள் வரை போகவில்லை.

காரணம், கட்டைவிரல் அளவுகூட இல்லாத 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர். முந்தைய வால்வில் நிற்கிற டிசியை (ஒரே திசை மின்சாரத்தை) தடுத்துப் பாட்டை மட்டும் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் வலைக்கு, அனுப்புவதுதான் அதன் வேலை. இதைத்தான் கப்ளிங் கண்டென்சர் என்பது. அறுபது வருடத்துக் கண்டென்சர் கசிய ஆரம்பித்துவிட்டது. கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறினால் கேடி66 கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுக்கும், தகடு சிவக்கும். இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கும். வால்வை இன்றைக்கும் வாங்கலாம். அந்த ட்ரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

காரைக்குடியில் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். மின்வேதியியல் அவருக்குச் சோறு போட்ட படிப்பு. பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் என்ற பெரிய கண்டென்சரைக் கையில் வாங்கி, "இது உள்ளே ஒரு அலுமினியத் தாள். அதன் மேல் மெல்லிய ஆக்சைடு. அந்த ஆக்சைடுதான் இன்சுலேஷன். வருஷக்கணக்கா கரண்டே காட்டலேன்னா அது தேஞ்சு போகும். நீ எடுத்த எடுப்பில் முந்நூத்தம்பது வோல்ட்டைக் கொடுத்திருக்கே" என்றார். மெதுவாக வோல்ட் ஏற்றினால் ஆக்சைடு திரும்ப உருவாகுமே என்று கேட்டேன். உள்ளே ஈரம் இருந்தால் உருவாகும், காய்ந்துபோனதற்கு வைத்தியம் இல்லை என்றார். காதருகே ஆட்டிக் காட்டினார். கடகடவென்றது.

இரண்டாவது ஆம்ப்ளிஃபயரைக் கரண்டே காட்டாமல் திறந்தேன். பழைய எலக்ட்ரோலிட்டிக் டப்பாவை ஆக்ஸா பிளேடால் அடியில் அறுத்து, சுருளை உருவிவிட்டு, புதிய சிறிய கண்டென்சர்களை உள்ளே வைத்து மூடினேன். மேலிருந்து பார்த்தால் ஐயா வாங்கியபடியே இருக்கும். கப்ளிங் கண்டென்சர்களுக்குப் பதில் 630 வோல்ட் ஃபிலிம் வகை. கேடி66-களின் கேத்தோடில் (கரண்ட் கிளம்பும் முனையில்) இருக்கும் 180 ஓம் ரெசிஸ்டரும் வெந்து மதிப்பு மாறியிருந்தது, அதையும் மாற்றினேன். இந்த முறை, கோளாறு இருந்தால் கரண்ட் மிஞ்சாமல் இருக்க 100 வாட்ஸ் குண்டு பல்பைச் சீரீஸில் போட்டுத்தான் ஆன் செய்தேன். முதலில் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது, வால்வு சூடானதும் கொஞ்சம் ஏறி நின்றது. பல்பை எடுத்துவிட்டு 180 ஓமின் குறுக்கே அளந்தால் 26 வோல்ட், இருக்க வேண்டிய அளவு. கைதட்டாத குறைதான்.

மேம்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் வாங்கும்போது கடையில் ஒருவர், "பவர் சப்ளைக்குப் பழைய 16 மைக்ரோஃபாரட் எதுக்கு சார், 220 போடுங்க, பேஸ் அள்ளும்" என்றார். டயோடு இருக்கிற செட்டில் போடலாம். இதில் ரெக்டிஃபயரும் (ஏசியை டிசியாக்கும் பாகம்) வால்வு. முதல் கண்டென்சர் அவ்வளவு பெரிதானால், அது நிரம்புவதற்கு இழுக்கிற கரண்டில் ரெக்டிஃபயர் வால்வுக்கு ஆயுள் குறையும். நான் செய்த மேம்பாடு இரண்டே: சரியான எர்த், ராத்திரியில் எங்கள் தெருவில் 246 வோல்ட் வருவதால் மெயின்ஸ் டேப்பை (எத்தனை வோல்ட் மெயின்ஸுக்கு என்று தேர்வு செய்யும் இணைப்பை) ஒருபடி மேலே மாற்றியது. சர்க்யூட்டைத் தொடவில்லை.

முகப்பில் வைத்துக் காருகுறிச்சியார் நாதஸ்வரத்தைப் போட்டேன். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி போல முட்டைப்பூச்சு. எதிரொலியில் ஒவ்வொரு சங்கதியும் இரண்டு தடவை கேட்டது. பத்தாயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் முதலில் அறையைப் பாருங்கள். நான் சுவரில் நான்கு ஜமக்காளம் கட்டினேன், பாதி சரியாயிற்று.

*

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா மைக்செட் வைத்திருந்தார். அவருடையது 807 வால்வு போட்டது. அந்த வால்வுக்குத் தலையில் ஒரு தொப்பி உண்டு, அதில்தான் முழு ஹை வோல்டேஜும் நிற்கும். அப்பாவின் முழங்கையில் அது கொடுத்த தழும்பு கடைசி வரை இருந்தது. ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டுதான் செட்டுக்குள் கை வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

சிறாவயல் மஞ்சுவிரட்டு ஒன்றில் கூட்டம் நெருக்கியதில் குழாய் ஸ்பீக்கருக்குப் போன ஒயர் அறுந்துவிட்டது. சத்தம் வரவில்லையே என்று உதவியாள் வால்யூமை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். வால்வு செட்டுக்கு லோடு (ஸ்பீக்கர்) இல்லாமல் போனால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறும். சுருளுக்குள்ளேயே பொறி தட்டி இன்சுலேஷன் ஓட்டையாகிவிட்டது. சுருளைத் திரும்பச் சுற்றிக் கொடுத்த கடையில் சுற்று எண்ணிக்கையைச் சரியாகப் போட்டார்கள். ஆனால் பிரைமரியையும் (வால்வுப் பக்கச் சுருள்) செகண்டரியையும் (ஸ்பீக்கர் பக்கச் சுருள்) அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றியிருந்ததைக் கவனிக்கவில்லை. பேச்சு நன்றாக வந்தது, ஜால்ரா சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிட்டது. பிரிக்கும்போதே அடுக்கைப் படம் வரைந்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் அண்ணனுக்கு ஒரு கேள்வி. 8 ஓம் ஸ்பீக்கரைக் குவாட் டூவில் அப்படியே கொடுக்கலாமா? செல்போனிலிருந்து பாட்டுப் போடலாமா?

*

தம்பி, அவுட்புட் 15 ஓமுக்கு இணைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், என்னுடையவை இரண்டும் அப்படித்தான் இருந்தன. ட்ரான்ஸ்ஃபார்மர் இணைப்பை மாற்றிப் பற்றவைத்தால் 7 ஓம் கிடைக்கும், 8 ஓம் ஸ்பீக்கர் அதற்குப் போதும். முழு 15 வாட்ஸுக்கு 1.4 வோல்ட் சிக்னல் கேட்கும். சிடி பிளேயர் தாராளமாகத் தரும், செல்போன் தராது, நடுவில் சிக்னலை ஏற்றித் தரும் ப்ரீஆம்ப் வேண்டும்.

சிவந்த வால்வை மாற்றி முதல் பெட்டியையும் முடித்துவிட்டேன். சனிக்கிழமை வாருங்கள், கேட்கலாம். வரும்போது ஜமக்காளம் ஒன்று கொண்டு வாருங்கள், மேற்குச் சுவருக்குக் குறைகிறது.