நீக்க முடியாத குரோம் எக்ஸ்டென்ஷன்: வழி கூறவும்

திருப்பாதிரிப்புலியூர் கணினிக் கடை:
வணக்கம். பட்டா, வில்லங்கச் சான்று முதலியவற்றுக்கு இணையத்தில் விண்ணப்பித்துக் கொடுக்கும் சிறிய கடை எங்களுடையது. கடையின் விண்டோஸ் 11 கணினியில், குரோம் முகவரிப் பட்டையில் எதைத் தட்டச்சு செய்தாலும் கூகுளுக்குப் பதிலாகப் பெயர் தெரியாத தேடுதளம் ஒன்று திறக்கிறது. குரோமில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறுநிரல்களான எக்ஸ்டென்ஷன்களின் பக்கத்தில் நான் நிறுவாத ஒன்று இருக்கிறது. அதற்கு 'ரிமூவ்' பொத்தானே இல்லை. மூன்று புள்ளிப் பட்டியலின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வேறு வருகிறது. ஒற்றை ஆள் கடைக்கு ஏது நிறுவனம்? விளம்பரத்தைத் தடுக்கும் யுபிளாக் ஆரிஜினும் நின்றுவிட்டது. குரோமை அழித்து மீண்டும் நிறுவியும் பயனில்லை.

லாஸ்பேட்டை பழுதுநீக்குநர்:
ஐயா, இவ்விரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். யுபிளாக் நின்றது வைரஸால் அன்று. 'மேனிஃபெஸ்ட் வி2' என்னும் பழைய கட்டமைப்பில் எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்களைக் குரோம் படிப்படியாக முடக்கி, 2025இல் அறவே கைவிட்டது. தாங்கள் புதிய கட்டமைப்பில் அமைந்த யுபிளாக் ஆரிஜின் லைட்டை நிறுவலாம். அது போதாதென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறலாம், அங்கே முழு வடிவம் இன்றும் ஓடுகிறது.

மற்றதுதான் வில்லங்கம். பெரிய அலுவலகங்கள் தம் கணினிகளில் எக்ஸ்டென்ஷன்களைக் கட்டாயமாக நிறுவுவதற்கென்றே குரோமில் ஒரு வசதி உண்டு. இலவச மென்பொருளோடு ஒட்டி வரும் தீநிரல்கள் அதே வசதியைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அந்தக் கட்டளை குரோமுக்குள் இல்லாமல், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படுவதால்தான் மறுநிறுவல் பலிக்கவில்லை. எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் 'டெவலப்பர் மோட்' விசையை இயக்கினால் அதன் 32 எழுத்து அடையாளக் குறி தெரியும், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரியை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் ஆகிய இரு கிளைகளிலும் 'சாஃப்ட்வேர்', 'பாலிசீஸ்', 'கூகுள்', 'குரோம்' என்று இறங்கி, கட்டாய நிறுவல் பட்டியலில் அந்தக் குறி உள்ள பதிவை மட்டும் நீக்கிக் குரோமை மீண்டும் திறவுங்கள். பணியிடம் வழங்கிய கணினியாக இருந்தால் இதில் கை வைக்கக் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர் கணினிக் கடை:
நீக்கியதும் 'ரிமூவ்' பொத்தான் வந்தது, எக்ஸ்டென்ஷனும் போய்விட்டது. ஆனால் கணினியை அணைத்து இயக்கியதும் திரும்பவும் வந்து நிற்கிறது.

லாஸ்பேட்டை பழுதுநீக்குநர்:
அப்படியானால் அந்த ரெஜிஸ்ட்ரி பதிவை மறுபடி எழுதும் நிரல் உள்ளேயே இருக்கிறது. நிறுவிய மென்பொருள்களைத் தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய வேளையில் நுழைந்தவற்றைப் பாருங்கள். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் புரியாத பெயரில் பணி ஏதும் உள்ளதா என்றும் பாருங்கள். அந்த மென்பொருளையும் பணியையும் முதலில் அகற்றிவிட்டு ரெஜிஸ்ட்ரிக்குப் போங்கள். குரோமின் சுத்திகரிப்புக் கருவியை ஓட்டச் சொல்லும் பழைய அறிவுரைகளை நம்பாதீர்கள். அது 2023இல் நீக்கப்பட்டது.

திருப்பாதிரிப்புலியூர் கணினிக் கடை:
பிடிஎஃப் மாற்றி ஒன்று அகப்பட்டது. ஷெட்யூலரிலும் அதன் பெயரிலேயே பணி இருந்தது. இரண்டையும் நீக்கிய பின் எக்ஸ்டென்ஷன் திரும்பவில்லை. மிக்க நன்றி.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:
ஒன்று சேர்க்கிறேன். வாடிக்கையாளர் யாரேனும் தம் கூகுள் கணக்கால் அந்தக் குரோமில் நுழைந்து ஒத்திசைவை இயக்கினால், அவருடைய எக்ஸ்டென்ஷன்களும் அதில் வந்து சேரும். அவர்களுக்குக் 'கெஸ்ட்' சாளரத்தைத் திறந்து கொடுங்கள்; அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. தங்களுக்கு வேண்டிய எக்ஸ்டென்ஷன்களுக்கும், 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதியைக் குறைத்து, சொடுக்கும்போது மட்டும் என்று மாற்றலாம். நல்ல பெயர் எடுத்தவை என்றும் அப்படியே இரா: பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் 2020இல் வேறு கைக்கு மாறியது, 2021 பிப்ரவரியில் தீநிரல் இருப்பதாகக் கூறி கூகுள் அதை முடக்கியது.

திருப்பாதிரிப்புலியூர் கணினிக் கடை:
கெஸ்ட் சாளரத்தை மூடினால் அதில் இறக்கிய கோப்புகளும் அழிந்துவிடுமா, அம்மா?

மஞ்சக்குப்பம் ஆசிரியை:
அழியா. வரலாறும் குக்கிகளும்தான் போகும். டவுன்லோட்ஸ் அடைவில் ஆதார் நகல்கள் கிடக்கும். அவற்றை அன்றன்று தாங்களேதான் நீக்க வேண்டும்.